நீலம்னு ஒருமனதா முடிவாச்சு

மூக்கை வச்சுப் பொழைக்கிறவங்க உலகத்துல எத்தனை பேர் இருப்பாங்க? அத்தர் விக்கிறவன், சமையக்காரி, போலீஸ் நாய். அதுக்கு அடுத்தபடியா ஜகார்த்தாவுல நம்ம வுர்யானி. பழைய சினிமாச் சுருளையெல்லாம் பத்திரமா வச்சுக் காப்பாத்துறதுக்குன்னே அங்க ஒரு சர்க்கார் ஆபீஸ். அதுல பத்தொம்போது வருஷமா அவளுக்கு வேலை. டப்பாவைத் திறப்பா, முகர்ந்து பாப்பா, மூடுவா, எழுதுவா. புருஷன்காரன் கேலி பண்ணுவான்: "வீட்ல பால் திரிஞ்சா தெரியல, ஆபீஸ்ல மட்டும் எப்படிடி தெரியுது?"

படச்சுருள் வயசானா புளிச்சுப் போகும், தெரியுமோ? நெசமாத்தான். வினிகர் பாட்டிலைத் திறந்தாப்புல குப்புன்னு அடிக்கும். அந்தப் புளிப்பு சும்மாவும் இருக்காது. சுருளை இன்னும் புளிக்க வைக்கும், பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். கடைசில சுருள் சுருங்கி, கோணி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, அதிரசம் மாதிரி ஒரே கட்டியாப் போயிடும். அதுக்கப்புறம் சாமியே வந்தாலும் பிரிக்க முடியாது.

ஆனா மூக்கு சொன்னா சர்க்கார் நம்புமா? அதனால ஒரு காகிதம் உண்டு. விரல் நீளத்துக்கு, நல்ல நீலமா இருக்கும். அதை டப்பாக்குள்ள போட்டு மூடி, ஒரு வாரம் விட்டு எடுக்கணும். நீலமாவே இருந்துச்சுன்னா சைபர், படம் சௌக்கியம். லேசாப் பச்சை ஓடினா ஒண்ணு. முழுசாப் பச்சைன்னா ரெண்டு, உடனே நகல் எடுத்தாகணும். மஞ்சள்னா மூணு. மூணு வந்தா டப்பாவைக் கும்பிட்டுட்டு நகர வேண்டியதுதான். இதெல்லாம் சரியா எந்த நிறம்னு பாக்கறதுக்கு நாலு கட்டம் போட்ட ஒரு அட்டையும் இருக்கு. வுர்யானி அதைக் கழுத்துல அடையாள அட்டையோட சேத்தே மாட்டியிருப்பா.

இப்ப தாந்தே லின்சேக்கு வருவோம். தாந்தேன்னா அத்தை மாதிரி. அவங்களுக்கு யாரு வேணா மருமக. அம்போன் தீவுக்காரங்க, எண்பத்தோரு வயசு. ஒரு காலத்துல ஸ்டுடியோவுல படம் வெட்டி ஒட்டுற வேலை. அவங்க வெட்டின படத்துல 'ஏழாவது படகு'ன்னு ஒண்ணு. அந்த டைரக்டர் போயிட்டாரு, ஸ்டுடியோவும் போயி அங்க இப்ப துணிக்கடை. தியேட்டருக்குப் போன பிரதியெல்லாம் எங்கன்னே தெரியல. மிச்சம் இருந்தது அந்த அம்மா கட்டிலுக்கு அடியில ஆறு டப்பா. மூல நெகட்டிவ். அதுவும் போச்சுன்னா அப்படி ஒரு படம் இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணித்தான் சொல்லணும்.

வுர்யானி மூணு தடவ நடையா நடந்தா. "கட்டிலுக்கு அடியில வெக்கை தாந்தே, எங்ககிட்ட குளிர் அறை இருக்கு, குடுங்க"ன்னு கெஞ்சினா.

"சர்க்காருக்கா? எங்க தெருவுல ஒரு சாக்கடை மூடி போட்டான் சர்க்கார். அடுத்த வாரமே அதைக் காணோம். அவன்கிட்ட போய் நான் ஆறு டப்பாவைக் குடுக்கவா?"

"நான் பாத்துக்கறேன் தாந்தே."

கிழவி ஒரு ஒப்பந்தம் எழுதச் சொன்னாங்க. காகிதம் ரெண்டு வந்தா முப்பது நாளைக்குள்ள நகல் எடுக்கணும், எடுக்கலேன்னா டப்பாவைத் திருப்பித் தரணும். எந்த நம்பர்னு சொல்றது சோதனை பண்றவ கையெழுத்துதான், வேற எந்த அதிகாரி வாயும் செல்லாது. "நோனா, கையெழுத்து நீ போடுறதா இருந்தா தர்றேன்"னாங்க. அங்க சின்னப் பொண்ணுங்கள நோனான்னு கூப்பிடுவாங்க. நாப்பத்தாறு வயசு வுர்யானிக்கு அது கேக்கவே குளுகுளுன்னு இருந்துச்சு. சத்தியம் பண்ணிட்டு வாங்கிட்டு வந்தா.

நாலு வருஷம் ஒரு குறையும் இல்ல. அதுக்கப்புறம் பாக் தர்மிஸி தலைமை அதிகாரியா வந்தாரு, பாக்னா ஐயா மாதிரி. முன்னாடி கோழிப்பண்ணை நோய்த்தடுப்புல பெரிய பதவி. சினிமா பத்தித் தெரியுமான்னு யாரோ கேட்டதுக்கு, "நிறைய பாத்திருக்கேன்"ன்னாரு. முதல் நாள் எல்லாரையும் முற்றத்துல நிக்க வச்சு ஒரு பேச்சு.

"கோழிங்ககிட்ட முப்பது வருஷம் இருந்தேன். நான் கத்துக்கிட்டது இதுதான். செத்த கோழியை எண்ணினோம்னா அது நோய். எண்ணாம விட்டோம்னா அது வெறும் கோழி. நமக்கு வேணும்கிறது நம்பிக்கை! அமைச்சகம் 'நீல மண்டலம்'னு ஒரு பட்டயம் தரப்போகுது. நூத்துக்கு நூறு டப்பா நீலமா இருக்கிற ஆபீசுக்குத்தான் அது. அது நம்ம சுவத்துல தொங்கும். எங்கே, எல்லாரும் கையை மடக்குங்க!"

அங்க ஆபீசுக்கு ஆபீஸ் ஒரு கோஷம் உண்டு. கையை முஷ்டி பிடிச்சுக் கத்தணும். அன்னியிலேருந்து திங்கக்கிழமை திங்கக்கிழமை கொடியேத்தினதும், "நம்ம படம்?"னு அவரு கேப்பாரு. "நீலம்! நீலம்! நீலம்!"னு நூத்திப் பத்து பேரும் மூணு தடவ குதிக்கணும். கால் வலிக்காரங்க குதிக்க வேண்டாம், முழங்காலை மடக்கினா போதும்னு சுற்றறிக்கை வந்துச்சு.

பிப்ரவரில ஒரு திங்கக்கிழமை. குதிச்சு முடிச்ச கையோட வுர்யானி குளிர் அறைக்குப் போயி தாந்தேயோட முதல் டப்பாவைத் திறந்தா. மூக்குக்கு முதல்ல தெரிஞ்சுடுச்சு. அப்புறம்தான் காகிதம். பச்சை. ரெண்டாவது டப்பா, பச்சை. ஆறும் பச்சை. அட்டையை வச்சுப் பாத்தா சொல்லி வச்ச மாதிரி ரெண்டு.

நேரா ஹப்சாரி ரூமுக்கு ஓடினா. ஹப்சாரி யாருன்னா, இவளும் அவளும் ஒரே நாள் வேலைக்குச் சேந்தவங்க. பத்தொம்போது வருஷமா ஒரே டப்பாவுல சோத்தைப் பிரிச்சுத் தின்னவங்க. ஹப்சாரிக்குப் பேச வரும், வுர்யானிக்கு முகரத்தான் வரும். அதனால அவ பிரிவுத் தலைவி ஆயிட்டா, இவ மூக்காவே இருந்துட்டா. இதுல இவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

"ரெண்டு வந்துடுச்சுடி! தாந்தே படம். ஆறும்."

ஹப்சாரி கதவைச் சாத்தினா. "எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நல்லவேளை. உக்காரு, டீ குடி. பட்டயத்துக்கு ஆபீஸே தவம் கிடக்குது, இப்பப் போய் பச்சைங்கிறியே. பாக் காதுல விழுந்தா உன்னையே பச்சையா முழுங்கிடுவாரு. நான் பாத்துக்கறேன், சரியா?"

அவ பாத்துக்கிட்ட லட்சணம், மறுநாளே 'நிறம் தீர்மானிக்கும் குழு'ன்னு ஒண்ணு வந்துச்சு. ஏழு பேர். கணக்குப் பிரிவு, வண்டிப் பிரிவு, தோட்டம், காவல், தொழுகை அறை பொறுப்பாளர், ஹப்சாரி, அப்புறம் பாக் தர்மிஸி. வுர்யானியையும் கூப்பிட்டாங்க, 'கருத்து சொல்லாத செயலாளர்'னு. ஓட்டுப் போடுறதெல்லாம் கிடையாது. ஓட்டுப் போட்டா மனஸ்தாபம் வரும், எல்லாரும் ஒருமனசா ஆகுற வரைக்கும் பேசணும், அதுதான் நம்ம பண்பாடுன்னு பாக் சொன்னாரு. ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டி பலகாரம் வந்துச்சு. வாழையிலையில சுத்தின ஒட்டரிசி உருண்டை, ஒரு வறுவல், ஒரு பிளாஸ்டிக் கப்புல தண்ணி.

மேசை நடுவுல வெள்ளைத் தட்டு. தட்டுல அந்தக் காகிதம். பச்சைன்னா அப்படி ஒரு பச்சை.

தோட்டக்காரரு கண்ணாடியைப் போட்டுப் பாத்தாரு. "இதைப் பச்சைன்னா என் புல்லுக்கு என்ன மரியாதை?"

காவல் தலைவரு சொன்னாரு: "எங்க சட்டை கருநீலம். துவைக்கத் துவைக்க இந்த மாதிரிதான் ஆகும். அப்ப இது வெளுத்த நீலம்."

"அட்டை இருக்கு பாக், அதோட வச்சுப் பாத்தா..."ன்னு வுர்யானி கழுத்துல கை வச்சா.

"செயலாளருக்குக் கருத்து கிடையாதும்மா. அந்த அட்டை எங்க அச்சடிச்சது? வெளிநாட்டுல. அவங்க ஊரு வெளிச்சம் வேற, நம்ம வெளிச்சம் வேற. சுதந்திரம் வாங்கி இத்தனை வருஷம் ஆகியும் நம்ம நிறத்தை அவன் சொல்லணுமா?"

எல்லாரும் தலையாட்டினாங்க. வண்டிப் பிரிவுக்காரரு உருண்டையைத் தின்னு முடிச்சுட்டு, சுத்தியிருந்த இலையைக் காகிதத்துக்குப் பக்கத்துல விரிச்சு வச்சாரு. "இலை பச்சை. இதுல யாருக்காவது மறுப்பு இருக்கா? இல்ல. இந்தக் காகிதம் இலை மாதிரியா இருக்கு? இல்ல. அப்ப இது பச்சை இல்ல."

கணக்குக்காரம்மா கை தட்டிட்டாங்க. தொழுகை அறைப் பெரியவரு மட்டும் தொண்டையைக் கனைச்சு, "பொய் சொன்ன பாவம் நமக்கு வரக்கூடாதே"ன்னாரு. அப்புறம் அவரே வழியும் சொன்னாரு. "ரெண்டுன்னும் வேண்டாம், ஒண்ணுன்னும் வேண்டாம். ஒண்ணு புள்ளி ஒம்போதுன்னு போடுவோமே."

மூணு மணி நேரம் ஆச்சு. ஒருமனசா முடிவாச்சு. அட்டையில அப்படி ஒரு நம்பரே கிடையாது. இருந்தாலும் ஒண்ணு புள்ளி ஒம்போது, நிறம் நீலம். ஒப்பந்தப்படி ரெண்டு வந்தாத்தானே நகல்? இன்னும் வரலியே!

ஒரே ஒரு சிக்கல், கையெழுத்து. அது வுர்யானி போட்டாத்தான் செல்லும்.

"மாட்டேன்"னுட்டா அவ. ஹப்சாரி கையைப் பிடிச்சு டீ போடுற ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா.

"யானி, நீ ரெண்டுன்னு எழுதினா என்ன ஆகும் சொல்லு? பாக் கடுப்புல ஃபைலை இழுத்தடிப்பாரு. டப்பா திரும்பவும் கட்டிலுக்கு அடியில போகும். ஒரு மழைக்காலம் தாங்குமா? ஒண்ணு புள்ளி ஒம்போதுன்னா 'கிட்டத்தட்ட அவசரம்'. அந்தப் பேருல நகல் வரிசையில நானே முதல் இடத்துல போட்டுடறேன். சத்தமில்லாம வேலை முடியும். படம்தானே முக்கியம்? நம்பர் யாருக்குடி வேணும்?"

"சத்தியமா போடுவியா?"

"உன் வீட்டுக்காரருக்கு வயித்துல ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல உன்கூட யாரு உக்காந்திருந்தது?"

அவதான். பத்து மணி நேரம். இவ அழுதப்ப முதுகைத் தடவினா, சோறு ஊட்டினா. வுர்யானி கையெழுத்துப் போட்டுட்டா.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளன்னு நடந்துச்சு. ஒரு வாரம் காகிதத்தை உள்ள வச்சா அது பச்சையாகுது. அப்ப கோளாறு எதுல? வாரத்துலதான்னு பாக் கண்டுபிடிச்சாரு. ஒரு நாளாக் குறைச்சாரு. அப்பவும் சிலது முரண்டு பிடிச்சுது. ஒரு மணி நேரம்னாரு. கடைசில 'பத்து நிமிஷ சேவை'ன்னு வாசல்ல பேனர் கட்டினாங்க. பத்து நிமிஷத்துல எந்தக் காகிதம் நிறம் மாறும்? நாலாயிரம் டப்பாவும் நீலம். அந்த வேகத்துக்காக ஒரு பரிசு வந்துச்சு. அதுக்கப்புறம் மூடியைத் திறந்தா ஊழியர் மூக்குக்குக் கெடுதல்னு சொல்லி, காகிதத்தை மூடி மேலயே வச்சு எடுத்தா போதும்னுட்டாங்க. வெளியில வச்சா காகிதம் கெடாது பாருங்க, அதனால ஒரே காகிதத்தை நாலாயிரம் டப்பாவுக்கும் வச்சு எடுத்தாங்க. சிக்கனத்துக்கு இன்னொரு பரிசு.

வுர்யானி புகார் சொல்லும்போதெல்லாம் ஹப்சாரி, "நம்ம டப்பா வரிசையில இருக்குல்ல, வாயை மூடு"ம்பா. இவளும் மூடிக்குவா.

குளிர் அறையில ரெண்டு பெரிய ஏசி. அதுல ஒண்ணைக் கழட்டிக் கோஷம் ஒத்திகை பாக்குற மண்டபத்துல மாட்டினாங்க. குதிச்சா வேர்க்குதாம்.

வெக்கை ஏற ஏற டப்பாவெல்லாம் சேந்து நாற ஆரம்பிச்சுது. அமைச்சகத்துலேருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தவரு, வராந்தாவுல நின்னு மூக்கைச் சுளிச்சாரு. "என்ன இங்க புளிச்ச வாடை?"

பாக் தர்மிஸிக்கு வேர்த்துடுச்சு. கண்ணு அங்க இங்க ஓடி, கேன்டீன்ல போயி நின்னுச்சு. "பெம்பெக் சார்! எங்க கேன்டீன்காரம்மா பலெம்பாங் ஊரு. மீன் உருண்டையைப் பொரிச்சுப் புளிச்சாறுல முக்கித் தருது. ஜனங்க விடாம தின்னுதுங்க."

மறுநாளே உத்தரவு. ஆபீசுக்குள்ள வினிகர், புளி, ஊறுகாய், எலுமிச்சை எதுவும் வரக்கூடாது. காவல்காரரு வாசல்ல சோத்து டப்பாவைத் திறந்து முகர்ந்து பாக்க ஆரம்பிச்சாரு. வுர்யானிக்குப் பத்தொம்போது வருஷமா சர்க்கார் குடுத்த வேலையை இப்ப அவரு பாத்தாரு.

கேன்டீன்கார ரோகாயா அக்கா சும்மா விடுற ஆளா? முற்றத்துல நின்னு கத்தினாங்க. "எங்கப்பன் காலத்துலேருந்து இந்தச் சாறு காய்ச்சுறோம்! நான் மூணு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேனே, அப்ப நாறலியா? உங்க ஆபீஸ் நாத்தத்தை என் சட்டியில கொட்டாதீங்கய்யா!"

பாக் பொறுமையா பதில் சொன்னாரு. "நீங்க இல்லாதப்ப நாறினது, நீங்க இருந்தப்ப வந்த வாசனைம்மா. சுவத்துல ஊறிடுச்சு." கடையை மூடிட்டாங்க. வாடை போகல. சுவத்துக்கு நீலப் பெயிண்ட் அடிச்சாங்க.

இவ்வளவுக்கும் நடுவுல மாசம் பொறந்தா முதல் சனிக்கிழமை தாந்தே போன் பண்ணிடுவாங்க. "நோனா, என் புள்ளைங்க ஆறும் எப்படி இருக்கு?"

"நகல் வரிசையில முதல்ல இருக்கு தாந்தே. கூப்பிட்டுருவாங்க."

"அந்த நாலாவது டப்பாவுல கல்யாண ஊர்வலம் வரும். நூத்திப் பன்னெண்டு வெட்டு. டைரக்டர் திட்டினான், 'இவ்ளோ வெட்டா?'ன்னு. தியேட்டர்ல ஜனம் எந்திரிச்சு ஆடிச்சு. நகல் வந்ததும் அதை முதல்ல போடு. எனக்குக் கண்ணு தெரியாமப் போறதுக்குள்ள."

"போடறேன் தாந்தே."

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. அடுத்த வருஷம் ஜூன்ல ஒரு நாள், வேற ஒரு பேப்பரைக் குடுக்க வுர்யானி நகல் எடுக்குற லேபுக்குப் போனா. அங்க பூஜோன்னு ஒரு டெக்னீஷியன், எப்பவும் வெடுக்குன்னு பேசுவான்.

"பூஜோ, 'ஏழாவது படகு' எப்ப ஆரம்பிக்கிற?"

"எந்தப் படகு?"

"வரிசையில முதல்ல இருக்கே."

அவன் நோட்டைத் தூக்கிப் போட்டான். "நீயே பாரு அக்கா. படகும் இல்ல, துடுப்பும் இல்ல."

பாத்தா. மொத்த வரிசையும் ஒரே ஒரு வேலைக்கு. போன வருஷம் ஜனவரியில 'நீல மண்டலம்' தொடக்க விழான்னு ஒண்ணு நடந்துச்சு, பாக் ரிப்பன் வெட்டினது, பேசினது, எல்லாரும் குதிச்சது. அதை டிரைவர் போன்ல படம் பிடிச்சிருந்தான். அதைச் சினிமாச் சுருளா மாத்தி, நூறு வருஷம் கெடாம காப்பாத்தறதுக்கு மூணு பிரதி எடுக்கணுமாம். ரெண்டு வருஷத்து ஒதுக்கீடும் அதுக்கே போயிடுச்சு.

"போன்ல எடுத்ததை எதுக்குடா சுருள்ல போடணும்?"

"பேச்சு கொஞ்சம் நீளம்க்கா. அழிஞ்சுட்டா வருங்காலம் என்னத்துக்கு ஆகும்?"

கீழ கையெழுத்து ஹப்சாரியோடது. தேதியைப் பாத்தா. பிப்ரவரி. டீ போடுற ரூமுல கையைப் பிடிச்சு சத்தியம் பண்ணின அதே நாள். சத்தியம் பண்ணிட்டு வந்து போட்டாளா, போட்டுட்டு வந்து சத்தியம் பண்ணினாளான்னு மட்டும் தேதி சொல்லல.

வுர்யானி குளிர் அறைக்குப் போயி, உத்தரவை மீறி, முதல் டப்பா மூடியை நெம்பினா. திறந்து பாத்துட்டு அப்படியே மூடிட்டா. மத்த அஞ்சையும் தொடல.

ஹப்சாரி புது ரூமுல இருந்தா. துணைத் தலைவி ஆகி ஒரு வாரம் ஆச்சு. மேசையில பூங்கொத்து இன்னும் வாடல.

"வரிசையில போடவே இல்லியேடி நீ."

"போடலாம்னுதான் இருந்தேன். பாக் கேட்டாரு, என்ன பண்றது? உனக்கு இந்த நிர்வாகம்லாம் புரியாது யானி."

"அது கட்டியாயிடுச்சு. பிரிக்க முடியாது."

"ரெக்கார்டுல ஒண்ணு புள்ளி ஒம்போதுதானே இருக்கு?"

"ஹப்சாரி, நான் உன்னை நம்பித்தானே..."

"கத்தாத. யாரு கையெழுத்து போட்டது? என் பேரு எங்கயாவது இருக்கா பாரு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, அன்னிக்கு ஆஸ்பத்திரியில பேசின அதே குரல்ல சொன்னா: "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இதை அப்படியே விட்டுடு."

முதுகைத் தடவ வந்த கையை வுர்யானி தள்ளி விடக்கூட இல்ல. நகர்ந்து நின்னுக்கிட்டா.

உடனே தாந்தேகிட்ட சொல்லிடணும்னு போனை எடுத்தா. இவ வாயைத் திறக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். "நோனா! உங்க ஆபீஸ்லேருந்து கடுதாசி! பட்டயம் தர்ற விழாவுக்கு நான்தான் சிறப்பு விருந்தாளியாம். மெடலாம்! ஆறு டப்பாவையும் மேடையில வைக்கப் போறாங்களாம். முடி வெட்டிக்கிட்டேன், எல்லாம் உன் உபயம். என்னடி, பேச்சைக் காணோம்?"

"ஒண்ணும் இல்ல தாந்தே. வாங்க."

அவ்வளவுதான் வந்துச்சு வாயில. அவளும் ஒரு வாய் வச்சிருந்தாளே, அது அன்னிக்கு அமைச்சகத்துக்கு வேலை பாத்துச்சு.

விழா. ஏசி மண்டபம். எல்லாருக்கும் நீல பாத்திக் சட்டை. மேடையில நீலத் துணி விரிச்ச மேசை, மேல ஆறு டப்பா, டப்பாவைச் சுத்தி மல்லிகை மாலை. வாடைக்குத்தான் மல்லிகை. முன்வரிசையில தாந்தே லின்சே, வெள்ளை ஜாக்கெட்டு, முத்துத் தோடு, புதுசா வெட்டின குட்டை முடி.

பாக் தர்மிஸி பேசினாரு. "நான் வந்தப்ப இந்த ஆபீஸ்ல முந்நூறு பச்சை டப்பா. இன்னிக்கு ஒண்ணு கூட இல்ல. ஒரு படத்துக்காவது மருந்து குடுத்தோமா? இல்ல! குளிர் குடுத்தோமா? அதையும் குறைச்சோம்! மனசு வச்சோம், அவ்வளவுதான். சாட்சிக்கு இதோ தாந்தே லின்சே குடுத்த படம். நம்ம ஊழியர் வுர்யானி கையெழுத்தோட, ஒண்ணு புள்ளி ஒம்போது!"

கைதட்டல். எல்லாரும் எழுந்து மூணு தடவ குதிச்சாங்க. மேடை லேசா ஆடிச்சு.

மெடலைப் போட்டாங்க. தாந்தே மைக்குக்குப் போகல. மேசைக்குப் போனாங்க. "நாலாவது டப்பா எது?"

"இபு, அம்மா, அது காட்சிக்கு மட்டும்..."ன்னு ஹப்சாரி பாஞ்சா.

"அம்பது வருஷம் டப்பா திறந்த கைம்மா இது. தள்ளு."

மூடி இறுகியிருந்துச்சு. கிழவி ரெண்டு கட்டை விரலையும் குடுத்து ஒரு நெம்பு நெம்பினாங்க. முதல் அஞ்சு வரிசை ஜனம் கர்ச்சீப்பை எடுத்துச்சு. உள்ள, வெள்ளைத் தூள் பூத்த ஒரு பழுப்புக் கட்டி. ஓரத்தை நகத்தால பிரிக்கப் பாத்தாங்க. ஒரு துண்டு பொட்டுன்னு உடைஞ்சு கையில வந்துச்சு. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்தாங்க. ஒண்ணும் இல்ல அதுல.

"இது என்ன நம்பர்?"

பாக் சிரிச்சாரு. "இபு, அவசரப்படக் கூடாது. குழு கூடி முடிவு பண்ணும்." குழு அங்கேயே மேடையில கூடிச்சு. ஏழு தலையும் டப்பாவைச் சுத்தி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. மூச்சைப் பிடிச்சதால அன்னிக்குப் பேச்சு சீக்கிரம் முடிஞ்சுது. ஒருமனசா ஒண்ணு புள்ளி ஒம்போது. ஹப்சாரி படிவத்தையும் பேனாவையும் கொண்டாந்து வுர்யானி முன்னாடி நீட்டினா. "யானி. ரெண்டு வருஷத்துல உனக்கு ஓய்வூதியத் தகுதி வருது. யோசி."

தாந்தே திரும்பிப் பாத்தாங்க. "பழைய பேப்பர்ல இருக்கிறதும் உன் கையெழுத்தா நோனா?"

"ஆமா தாந்தே."

"யாராவது கையைப் பிடிச்சுப் போட வச்சாங்களா?"

வுர்யானிக்கு எத்தனையோ சொல்ல இருந்துச்சு. டீ ரூமு, வரிசை, ஆஸ்பத்திரி, சத்தியம். "இல்ல தாந்தே, நானாத்தான் போட்டேன்"னா.

பேனாவை வாங்கி, புதுப் படிவத்துல 'மூணு'ன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டா. எழுத்து தெளிவா இருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டு, தாந்தே கையில குடுத்தா. பாக் தர்மிஸி மைக்கைக் கையால பொத்தினாரு.

மூணுக்கு நகலே கிடையாது, ஒப்பந்தப்படி இனிமே டப்பா தாந்தேயோடது. அவங்க வேற எதுவும் கேக்கல. மெடலைக் கழட்டி மல்லிகைக்கு மேல வச்சுட்டு, வாசல்ல ஒரு பஜாஜ் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாங்க. வுர்யானிதான் ஆறு டப்பாவையும் ஒவ்வொண்ணாத் தூக்கிட்டுப் போயி பின் சீட்டுல அடுக்கினா. டிரைவர் மூக்கைப் பொத்திக்கிட்டு, "என்னம்மா இது, ஊறுகாயா?"ன்னான்.

"ஆமாப்பா. அம்பது வருஷ ஊறுகாய்"ன்னாங்க தாந்தே. வுர்யானியும் கூட ஏறப் போனா. கிழவி ஒரு டப்பாவை இழுத்து அந்த இடத்துல வச்சாங்க.

"அவங்க மேல எனக்குக் கோவமே இல்லடி. அவங்களை நான் என்னிக்குமே நம்பல. நான் சர்க்காருக்கா குடுத்தேன்? உனக்குக் குடுத்தேன்."

பஜாஜ் புகையைக் கக்கிட்டுப் போயிடுச்சு.

மறுநாள் வேலை போயிடும்னுதான் வுர்யானி வந்தா. போகல. ஆறு டப்பா வெளிய போனதும் பாக்குக்கு ஒரு யோசனை உதிச்சிருந்துச்சு. கெட்டுப் போனதெல்லாம் வாசலைத் தாண்டிட்டா, உள்ள இருக்கிறது நெசமாவே நீலம்தானே! 'படம் தாய் வீடு திரும்பும் திட்டம்'னு பேரு வச்சாரு. முந்நூறு டப்பாவையும் அந்தந்த ஜனங்க வீட்டுக்கே, மாலை போட்டு, நன்றிக் கடுதாசியோட திருப்பி அனுப்பணும். ஒவ்வொண்ணுலயும் சோதனைக்காரி கையெழுத்து வேணும். திட்டத்துக்குத் தலைவி வுர்யானிதான். ஹப்சாரி பூங்கொத்து அனுப்பியிருந்தா.

கடுதாசிக் கட்டை அப்படியே தள்ளி வச்சுட்டு, அவ தாந்தே வீட்டுக்குப் போன் போட்டா. ரொம்ப நேரம் மணி அடிச்சுது. அவங்க அண்ணன் மக எடுத்தா.

"தாந்தே இருக்காங்களா? நான் வுர்யானி."

அந்தப் பொண்ணு போனைப் பொத்திக்கிட்டு உள்ள பாத்து ஏதோ கேட்டா. பதில் மட்டும் போன்ல நல்லாவே கேட்டுச்சு. கிழவிக்கு எப்பவுமே பெரிய தொண்டை.

"யாரு, ஆபீஸ்லேருந்தா? நான் இல்லன்னு சொல்லு."

"அவங்க இல்லியாம் அக்கா"ன்னா அந்தப் பொண்ணு.